எண்ணெய்க்கார அக்காவின் கை

முதல் தடவை நான் அவரைப் பார்த்தபோது ஒரு ஆளை அடித்துக்கொண்டிருந்தார்.

பாகாயத்தில் ஒரு டாக்டர் கட்டிய வீடு. காலையில் எண்ணெய் கொடுத்திருந்த தரையின் மேல் பெயிண்டர் ஒருவர் இரும்பு ஏணியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தபோது, மாப்புக் கட்டை பெயிண்டரின் கெண்டைக்காலில் விழுந்த சத்தம் காலிக் கூடத்தில் எதிரொலித்தது. பெயிண்டர் ஆறடி ஆள். அடித்தவர் அவர் மார்பு உயரம்கூட இல்லை. புடவைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை, தலையில் இறுகக் கட்டிய துண்டு. இரண்டாவது அடிக்குக் கட்டையை ஓங்கியிருந்தவர் என்னைப் பார்த்து நிறுத்தவில்லை. அடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

“நீதான் இன்ஜினியர் மேடமா? இவன வெளிய இட்டுனு போ. எட்டு ஓட்டுல தடம் வுழுந்திருக்குது. எட்டையும் தேச்சி எடுத்துட்டு மறுபடியும் மொதல்லேர்ந்து வரணும்.”

நான் இன்ஜினியர் இல்லை. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு வேலூர் காண்ட்ராக்டர் ஒருவரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். பள்ளிகொண்டாவிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்துபோவேன். முப்பத்தொரு வயது. அவருக்கு என்னைவிட எட்டோ பத்தோ கூட இருக்கும். அன்று பெயிண்டரைச் சமாதானப்படுத்த எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் அவர் குனிந்த தலை நிமிராமல் ஏணித் தடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் அவரை எண்ணெய்க்கார அக்கா என்றுதான் சொல்வார்கள். ஊர் ஆம்பூர் பக்கம். டாக்டர்களும் தோல் கம்பெனிக்காரர்களும் இப்போது கட்டுகிற பெரிய வீடுகளில், கையால் தட்டிச் சூளையில் சுட்ட களிமண் ஓட்டைத் தரைக்குப் போடுவது பெருகிவிட்டது. பார்க்க அழகு. ஆனால் வெறும் ஓடு எதைக் கண்டாலும் குடித்துவிடும். டீ சிந்தினால் டீ, குழம்பு சிந்தினால் குழம்பு, ஈரக்காலோடு நடந்தால் அந்தக் காலின் தடம். அதனால் ஓடு பதித்ததும் மேலே படிந்த சிமெண்டைக் கழுவி, உள்ளிருந்து பூத்து வருகிற வெள்ளை உப்பைத் தேய்த்து எடுத்து, அடிவரை காயவிட்டு, ஆளிவிதை எண்ணெயை டர்பன்டைனில் கலந்து நாலைந்து தடவை கொடுக்க வேண்டும். ஓடு இனிமேல் குடிக்க மாட்டேன் என்கிற கட்டம் வந்ததும் மிச்ச எண்ணெயைத் துடைத்துவிட்டு, தேன்மெழுகு தேய்த்து மெருகேற்ற வேண்டும். இதைப் பிசகில்லாமல் செய்ய எங்கள் காண்ட்ராக்டருக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அதற்கு முன்பு அவர் தோல் பதனிடுகிற ஷாப்பில் பதினைந்து வருஷம் தோலுக்கு எண்ணெய் போட்டவர். அவர் கூட வந்த நாலு பெண்களும் அங்கே வேலை பார்த்தவர்கள்தான். அதில் மெஹ்ருன்னிசா என்பவர் மட்டும் அவரிடம் பயமில்லாமல் பேசுவார்.

அடிப்பது என்றால் கோபத்தில் கத்தி, திட்டி, அப்புறம் கை நீட்டுவது இல்லை. முகத்தில் எதுவுமே தெரியாது. பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் கை போய்விட்டு வரும். எண்ணெயை ஒரே பக்கமாக இழுக்காமல் சுற்றிச் சுற்றித் துடைத்தால் முதுகில் ஒன்று. காயாத தரையில் முட்டி போட்டால் தொடையில் ஒன்று. ஒரு தடவை கொத்தனார் ஒருவர் ஓட்டின் மேல் சாந்துக் கரண்டியைத் தட்டினார் என்று அந்தக் கரண்டியைப் பிடுங்கி அவர் தோளிலேயே தட்டினார். அந்தக் கொத்தனார் அன்றோடு நின்றுவிட்டார். காண்ட்ராக்டர் என்னைத்தான் திட்டினார்.

“அவங்க அடிக்கறத நீங்க ஏன் வாங்கிக்கறீங்க?” என்று மெஹ்ருன்னிசாவிடம் கேட்டேன்.

“ஷாப்புல சூப்பர்வைசரும் அடிச்சான். இவ அடிச்சா கூலி கரெக்டா வருது,” என்றார் அவர். கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே, “அவ புருஷன் அவள அடிச்ச மாதிரி நான் எங்கயும் பாத்ததில்ல. ஒருநாள் இவ திருப்பி அடிச்சா. அவன் திருப்பத்தூர் பக்கம் போனவன்தான். அன்னிலேர்ந்து இவ கை நிக்கல,” என்றார்.

இதை ஒருநாள் நான் அக்காவிடமே கேட்டேன். சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்துகொண்டே சொன்னார்:

“அடி வாங்கறவ, எப்ப அடிப்பான், எப்ப நிறுத்துவான்னு பாத்துகினே இருக்கணும். பேஜாரு புடிச்ச பொழப்பு. அடிக்கறவளுக்கு அந்த வேல கெடையாது.”

சொல்லிவிட்டு ஊறுகாயை எனக்கும் கொஞ்சம் வைத்தார். எனக்கு அதைச் சாப்பிடப் பிடிக்கவில்லை. ஆனால் சாப்பிட்டேன்.

அவர் வேலையில் எல்லாவற்றையும்விடக் கறாரான விஷயம் துணி. எண்ணெய் துடைத்த துணியை யாரும் சுருட்டிப் போடக்கூடாது. தண்ணீரில் நனைத்து, கயிற்றில் ஒவ்வொன்றாக, ஒன்றின் மேல் ஒன்று படாமல் விரித்துக் காயப்போட வேண்டும். மொடமொடவென்று விறைக்கிற வரைக்கும் தொடக்கூடாது. அந்த டாக்டர் வீட்டிலேயே, அந்த நாலு பேரில் சுமதி என்ற பெண், அவசரத்துக்கு நாலைந்து துணியைச் சேர்த்து பக்கெட்டில் அமுக்கி வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். அக்கா பக்கெட்டைப் பார்த்தார். சுமதி திரும்பி வந்ததும் புறங்கையால் வாயில் அடித்தார். உதடு பல்லில் கிழிந்து ரத்தம் சட்டையில் வடிந்தது.

நான் நடுவில் போய் நின்றேன். “இனிமே யார் மேலயாவது கை வச்சீங்கன்னா நானே போலீசுக்குப் போவேன்.”

“போ,” என்றார். “தீ புடிக்கும்னு வாயால மூணு தடவ சொன்னேன். மூணு தடவையும் மண்டய ஆட்டினா.”

“நெருப்பே இல்லாம துணி எப்படிங்க புடிக்கும்?”

“அமுக்கி வெச்சா உள்ள சூடாவும். சூடு வெளிய போவ வழியில்லன்னா அதுவா புடிச்சிக்கும்.”

நான் நம்பவில்லை. படிக்காதவர்கள் அடிப்பதற்குச் சொல்கிற சாக்கு என்றுதான் நினைத்தேன். சுமதி அடுத்த நாளிலிருந்து வரவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்துவிட்டாள் என்று மெஹ்ருன்னிசா சொன்னார். அவள் விட்டுப்போன மாப்பு, வேறு யாரும் தொடாமல் இரண்டு நாள் சுவரில் சாய்ந்து கிடந்தது. மூன்றாம் நாள் அக்கா அதை எடுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் அமிர்திக்குப் போகிற ரோட்டில் ஒரு தோல் கம்பெனி முதலாளி பண்ணை வீடு கட்டினார். முதலாளி நல்ல மாதிரி. அபூர்வமாகத்தான் வருவார். வேலையைப் பார்த்துக்கொண்டது அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. எங்கே நின்றாலும் காலால்தான் பொருளைக் காட்டுவார். இந்த ஓட்டை மாற்று என்றால் ஷூ முனையால் ஒரு தட்டு.

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள், மூன்றே நாளில் எண்ணெய் போட்டு முடி என்றார் அவர். அக்கா, ஒரு பாலிதீன் துண்டை முந்தின நாள் சாயங்காலமே தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டியிருந்தார். அதைக் காட்டினார். பாலிதீனின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி.

“அடியில ஈரம் இருக்குது சார். இப்ப எண்ணெய் போட்டா ஈரம் உள்ளயே மாட்டிக்கும். அப்பறம் வெள்ளையா பூத்து ஓடு செதிள் செதிளா வரும். பத்து நாளு காயணும்.”

“நீ இன்னா எனக்கு டைம் குடுக்கற?” என்று சொல்லிவிட்டு அந்த ஆள் பக்கத்திலிருந்த எண்ணெய் கேனைக் காலால் உதைத்தார். அஞ்சு லிட்டர் கேன். மூடி தெறித்து, காயாத ஓட்டின் மேல் எண்ணெய் ஓடியது.

அக்கா மாப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார். மெஹ்ருன்னிசாவும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். பிடித்திருந்தபோது அவர் சத்தம் போடாமல் சொன்னது அங்கே இருந்த தச்சர்கள், எலக்ட்ரீசியன், வாட்ச்மேன் எல்லோருக்கும் கேட்டது.

“இன்னொரு தபா கால நீட்டினன்னா வூட்டோட சேத்து உன்ன கொளுத்திடுவேன்.”

முதலாளி போனில் தலையிட்டு நாளைத் தள்ளிவைத்தார். தரை காய்ந்தது. பத்து நாள் கழித்து அக்கா வேலையை ஆரம்பித்தார். கூடம் முடிந்தது, அறைகள் முடிந்தன. கடைசித் தடவை எண்ணெய் கொடுத்துத் துடைத்து, பின்பக்கம் கயிறு கட்டித் துணிகளை நனைத்து விரித்துவிட்டு, அன்று மத்தியானமே அக்காவும் பெண்களும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

இரண்டு மணிக்கு மச்சானிடமிருந்து எனக்கு போன். சாயங்காலம் சம்பந்தி வீட்டார் வீட்டைப் பார்க்க வருகிறார்கள், சுத்தமாக இருக்க வேண்டும் என்றார். நான் பின்பக்கம் போனேன். முப்பது நாற்பது அழுக்குத் துணிகள் வரிசையாகத் தொங்கின. வாட்ச்மேனைக் கூப்பிடவில்லை. என் கையாலேயே ஒவ்வொன்றாக உருவினேன். சில துணிகள் இன்னும் பிசுபிசுத்தன. எல்லாவற்றையும் ஒரு சிமெண்ட் சாக்கில் திணித்து, காலால் மிதித்து அமுக்கி, மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினேன். உள்ளே தச்சர்களின் மரச்சீவலும் டர்பன்டைன் கேன்களும் இருந்தன. அக்கா சொன்னது அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. அவர் வந்து கேட்டால் சண்டை போடலாம் என்று நினைத்தேன்.

ஐந்தே முக்காலுக்குப் புகை வந்தது. வாட்ச்மேன் கதவைத் திறந்ததும் காற்று உள்ளே போய்த் தீ வெளியே பாய்ந்தது. அவருடைய இரண்டு கையும் முழங்கை வரை வெந்தன. தேக்குப் படிக்கட்டு, கதவு, கூடத்தின் மர விதானம் எல்லாம் எரிந்தன. தீயணைப்பு வண்டி வருவதற்குள் கூடத்தின் நடுவே விதானம் இடிந்து விழுந்தது. நான் தோட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும். அந்த நிமிஷமே தெரியும்.

“அந்தப் பொம்பளதான்,” என்றார் மச்சான். “கொளுத்துவேன்னு சொன்னா இல்ல?” எல்லோரும் ஆமாம் என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மச்சானும் இரண்டு ஆட்களும் காரை எடுத்துக்கொண்டு போய் அக்காவை வீட்டிலிருந்தே தூக்கி வந்தார்கள். பின்னாலேயே ஒரு ஆட்டோ பிடித்து மெஹ்ருன்னிசாவும் இன்னொரு பெண்ணும் வந்தார்கள். கார் வந்து நின்றபோது சுவர்களிலிருந்து இன்னும் நீராவி எழுந்துகொண்டிருந்தது. கீழே கிடந்த ரீப்பர் கட்டையை, ஓட்டுக் கூரைக்கு அடிக்கிற அந்த நீள மரச்சட்டத்தை, மச்சான் எடுத்தார்.

முதல் அடி தோளில். அக்கா தடுக்கக் கையைத் தூக்கினார். இரண்டாவது அடி அந்தக் கையில். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவது முதுகில். நாலாவது காதோடு சேர்த்து. விழுந்தார். விழுந்த பிறகும் இரண்டு. ஆறு. நான் எண்ணினேன். எண்ணுவதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

அக்கா அழவில்லை, “நான் இல்லை” என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

“துணிய யாரு எடுத்தது? கயித்துலேர்ந்து துணிய யாரு எடுத்தது?”

ஒரு முறை என் பக்கம் பார்த்தார். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். வழியில் ஆஸ்பத்திரியில் கைக்கு ஒரு கட்டுப் போட்டார்களாம். மறுநாள் காலை பத்து மணிக்கு நான் ஸ்டேஷனுக்குப் போனேன். பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ். நான் அவரைப் பார்க்காமல் நேராக எஸ்.ஐ.யிடம் போய்ச் சொன்னேன்.

“துணிய சாக்குல அமுக்கி வச்சது நான் சார். அதுலேர்ந்துதான் புடிச்சிருக்கணும்.”

எஸ்.ஐ. சிரித்தார். “தீப்பெட்டி வச்சீங்களா?”

“இல்ல சார். எண்ணெத் துணி அதுவா புடிக்கும்.”

“ஏம்மா, படிச்ச பொண்ணு மாதிரி இருக்கீங்க.”

நெருப்பில்லாமல் எப்படிப் பிடிக்கும் என்று, சுமதி விஷயத்தில் நான் கேட்ட அதே கேள்வியை அவர் என்னைக் கேட்டார். வெளியே போய், ஹார்டுவேர் கடையில் காய்ச்சின ஆளிவிதை எண்ணெய் ஒரு லிட்டரும், பக்கத்துத் தையல் கடையில் வெட்டுத் துணியும் வாங்கி வந்தேன். ஸ்டேஷன் முற்றத்தில் பழைய தகர பக்கெட் ஒன்று கிடந்தது. துணியை எண்ணெயில் முக்கிப் பிழிந்து உள்ளே போட்டேன். அக்கா பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மூடி வெக்காத,” என்றார். குரல் உடைந்திருந்தது. “காத்து கொஞ்சம் வேணும். நடுவுல நல்லா அமுக்கு. வெயில்ல வை.”

வேலூர் வெயிலில் பக்கெட் இருந்தது. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. போலீஸ்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒன்றரைக்கு மீன் எண்ணெய் மாதிரி ஒரு நாற்றம் வந்தது. இரண்டே காலுக்கு நடுவிலிருந்து மெல்லிய புகை. எஸ்.ஐ. சாப்பாட்டுக் கையோடு எழுந்து வந்தார். ஒரு போலீஸ்காரர் லத்தியால் துணியைக் கிளறினார். உள்ளே கருகியிருந்தது. வெளிக்காற்று பட்டதும் குப்பென்று பற்றிக்கொண்டது.

யாரும் சிரிக்கவில்லை. “மேல தண்ணி ஊத்து,” என்றார் அக்கா.

அன்று சாயங்காலம் அவரை விட்டார்கள். அவர் அடிவாங்கியதைப் பற்றி மெஹ்ருன்னிசா புகார் எழுதிக் கொடுத்தார். எஸ்.ஐ. அதை வாங்கவில்லை. “நீயும் கொளுத்துவேன்னு சொன்ன, அவங்களும் ஆத்திரத்துல கை வச்சிட்டாங்க. சரிக்குச் சரி. போய் கைய பாரு,” என்றார். அக்கா எழுந்து போனார். என்னைத் தாண்டிப் போனபோது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் நிற்கவில்லை. வலது பக்கக் காது கேட்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் வேலை போயிற்று. வாட்ச்மேனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அவர் மனைவி என்னை வெளியே போகச் சொன்னார்.

எரிந்த வீட்டில் தரை மட்டும் மிஞ்சியது. சூளையில் வெந்த ஓடு, நெருப்பு அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கரியும் சாம்பலும் தீயணைப்புத் தண்ணீரும் கலந்து குழம்பாகி மேலே படிந்துவிட்டது. சென்னையிலிருந்து ஆள் வந்து ஆசிட் ஊற்றித் தேய்த்தார்கள். ஓடு திட்டுத் திட்டாக வெளுத்தது, கரி போகவில்லை. கடைசியில் முதலாளியே ஆம்பூர் பக்கம் அக்கா வீட்டுக்குப் போய், வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டு, வேலைக்கு வருவீர்களா என்று கேட்டாராம்.

வருகிறேன் என்றாராம் அக்கா.

மெஹ்ருன்னிசாவுக்குத் தாங்கவில்லை. “உனுக்கு மானம் ரோசம் இல்லையா?” என்று கேட்டிருக்கிறார். “ஓடு இன்னா பண்ணுச்சு?” என்றாராம் அக்கா. மறுநாள் எனக்கு போன் வந்தது. அவர் எனக்கு போன் செய்தது அதுதான் முதல் தடவை.

“ஒரு கை கம்மியா இருக்குது. நீ வா.”

போனேன். ஒரு மாதத்துக்கு மேல் முட்டி போட்டுத் தேய்த்தேன். வெந்நீரில் சோப்பும் சோடாவும் கலந்து, கோதுமைத் தவிட்டைக் குழைத்து ஓட்டின் மேல் பற்றுப் போட்டு, அது கரியை இழுத்துக்கொண்டதும் சுரண்டி எடுத்து, மறுபடியும் பற்று. அக்காவின் வலது கை கோணலாகக் கூடியிருந்தது. இடது கையால் வேலை செய்தார். அந்த ஒரு மாதமும் யாரையும் அடிக்கவில்லை. நான் ஒருநாள் எண்ணெயைச் சுற்றிச் சுற்றித் துடைத்துவிட்டேன். பார்த்தார், சும்மா போய்விட்டார்.

“கை வலிக்குது போல,” என்றேன் மெஹ்ருன்னிசாவிடம்.

“எனுக்கு என்னமோ பயமா இருக்குது,” என்றார் அவர்.

வேலை முடிந்த அன்று முதலாளி குடும்பத்தோடு வந்தார். பகல் பதினொரு மணி. மச்சானும் வந்தார். இந்தத் தடவை செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். தரை இளஞ்சிவப்பாக, ஜன்னல் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு கிடந்தது. அக்கா கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் காட்டினார். துளிகள் உருண்டு நின்றன.

“நல்லா வந்திருக்குது,” என்றார் மச்சான்.

“ஆமா,” என்றார் அக்கா. மூலையில் மிச்ச ஓடுகளுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்த ரீப்பர் கட்டையை இடது கையால் எடுத்தார். ஏதோ ஓரமாக வைக்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். திரும்பி அந்த ஆளின் வலது மணிக்கட்டில் அடித்தார். கை தொங்கிவிட்டது. அவர் குனிந்ததும் இன்னொன்று, காதோடு சேர்த்து. அவர் பக்கவாட்டில் விழுந்தார். முதலாளியின் மனைவி அலறினார். அக்கா மூன்றாவதுக்கு ஓங்கவில்லை. கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் ரத்தம் தரையில் சொட்டியது. மெழுகின் மேல் பரவாமல் குமிழ் குமிழாக நின்றது.

“மெஹ்ரு, காயறதுக்கு முன்ன தொட,” என்றார் அக்கா. சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

அதே எஸ்.ஐ.தான் வந்தார். முதலாளி குடும்பம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தது. பெண்களை வரிசையாக நிற்க வைத்து யார் பார்த்தது என்று கேட்டார். ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். என்னிடம் வந்தார்.

அக்காவுக்கு நான் பட்ட கடன் ஒன்று இருந்தது. அதை இன்று தீர்த்துவிடலாம் என்று தோன்றியது.

“நான் பாக்கல சார். பின்பக்கம் இருந்தேன்.”

அக்கா எழுந்து வந்தார். பெண் போலீஸ் பிடிப்பதற்குள் இடது கை என் கன்னத்தில் விழுந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாயில் உப்புக் கரித்தது.

“பாத்தத சொல்லு. அன்னிக்கிதான் பாத்துட்டு வாய மூடிகினு இருந்த.”

நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எஸ்.ஐ. பக்கம் திரும்பினேன். “அடிச்சாங்க சார். ரெண்டு அடி. மணிக்கட்டுல ஒண்ணு, காதுல ஒண்ணு. நான் மூணு அடி தூரத்துல இருந்தேன்.”

எஸ்.ஐ. எழுத ஆரம்பித்தார்.

“அதுக்கு முன்ன, தீ புடிச்ச அன்னிக்கி, அவரு இவங்கள ஆறு அடி அடிச்சாரு. இதே மாதிரி கட்டையால. அதையும் பாத்தேன். எங்க எங்க வுழுந்துச்சுன்னு சொல்றேன். அதையும் எழுதுங்க.”

“பழைய கத எதுக்கும்மா இப்ப?”

“சாட்சின்னு கேட்டீங்க சார். ரெண்டையும் பாத்தவ நான். ரெண்டையும் எழுதினாதான் கையெழுத்து போடுவேன்.”

மெஹ்ருன்னிசா தலையை நிமிர்த்தினார். “நானும் அன்னிக்கி பாத்தேன் சார்,” என்றார். அன்று அவரோடு ஆட்டோவில் வந்த பெண்ணும் முன்னால் வந்தாள். எஸ்.ஐ. எங்களை மாறி மாறிப் பார்த்தார். எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தார்.

அக்கா இருபத்திரண்டு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். மச்சான் மேலும் வழக்குப் பதிவானது. அவருக்கு முன்ஜாமீன் கிடைத்தது. ஆனால் கோர்ட்டுக்கு வராமல் இருக்க முடியவில்லை. இரண்டு வழக்குக்கும் பெரும்பாலும் ஒரே நாளில் வாய்தா. நானும் போவேன். அக்கா இப்போதும் வேலை செய்கிறார், இப்போதும் அடிக்கிறார். அவரோடு வேலைக்குப் போகலாமா என்று யார் கேட்டாலும் யோசித்துக்கொள் என்றுதான் சொல்வேன். திட்டமிட்டுத்தான் அன்று அடித்தீர்களா என்று அவரைக் கேட்டேன். “அடிக்கணும்னு தோணுச்சு, அடிச்சேன்,” என்றார்.

போன வாய்தாவுக்கு கோர்ட் வராந்தாவில் கூட்டம். காலியாக இருந்த ஒரே பெஞ்சில் மச்சான் உட்கார்ந்திருந்தார். அக்கா போய் அதே பெஞ்சின் இன்னொரு முனையில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஆள் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார். வலது கை விரல்கள் மூடவில்லை. பாட்டிலை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்து இடது கையால் திருகினார். மூடி வரவில்லை.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன்னுடைய வலது கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார். நாலு மடங்கின, சுண்டுவிரல் மடங்கவில்லை.

“தெனம் வெந்நீர்ல வெச்சி இப்டி மடக்கி மடக்கி நீட்டணும். வலிக்கும். வுட்டுட்டா அப்படியே நின்னுடும்,” என்றார்.

மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. கோர்ட் சிப்பந்தி யார் யார் பெயரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஆள் தன் விரல்களை மெதுவாக மடக்கிப் பார்த்தார்.